குளம் நிரம்பும்வரை

நீச்சல் குளம் நிரம்ப நாற்பத்தொரு மணி நேரம் ஆகும். குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, நடுவில் யாரும் கை வைக்காமல் இருந்தால்தான் அந்தக் கணக்கு. அங்கே வேலை செய்பவர்களில் குளத்தக்காவைத் தவிர வேறு யாரும் இதைத் தெரிந்துவைத்திருக்கவில்லை. மற்றவர்களைப் பொறுத்தவரை குளம் ஒரு நாள் காலியாக இருக்கும், இன்னொரு நாள் நிறைந்திருக்கும்.

வருடத்துக்கு ஒருமுறை பத்து நாள் குளத்தை மூடுவார்கள். தண்ணீரை வெளியேற்றி, அடியைத் தேய்த்து, பெயர்ந்த ஓடுகளை ஒட்டி, ஒட்டியது காய்ந்தபின் மறுபடி நிரப்புவார்கள். அந்தப் பத்து நாளும் குளத்தக்கா வாளியும் பிரஷ்ஷுமாகக் குளத்தின் அடியில்தான் இருப்பாள். இரண்டு மீட்டர் ஆழத்தில், காய்ந்த காலோடு, வியர்த்து வழிந்துகொண்டு. எந்த ஓடு எப்போது விரிசல் விட்டது, எந்த மூலையில் அழுக்கு சேரும் என்பதெல்லாம் அவளுக்குக் கைரேகை மாதிரி தெரியும்.

வேதியியல் படித்தவள். பதினெட்டு வருடமாக அந்தக் குளத்துத் தண்ணீர் அவள் பொறுப்பு. காலையில் முதலில் வருபவள் அவள்தான். சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எடுத்து, மருந்து இரண்டு சொட்டு விட்டு, நிறம் பார்த்து, குளோரின் கூடவா குறைவா என்று சொல்வாள். பம்ப் முனகினால் எங்கே அடைப்பு என்று சத்தத்தை வைத்தே கண்டுபிடிப்பாள். அவளுடைய பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. மேலாளர் முதல் துண்டு துவைப்பவர் வரை எல்லோருக்கும் அவள் குளத்தக்கா.

அந்தக் குளத்தைப் பற்றி அவளுக்குத் தெரியாதது ஒன்றுதான். அதில் நீந்தத் தெரியாது.

வேலைக்கு எடுக்கும்போது பம்ப் தெரியுமா என்று கேட்டார்கள், மருந்து அளவு தெரியுமா என்று கேட்டார்கள். நீச்சல் தெரியுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. குளத்தில் வேலைக்கு வருகிற ஆளிடம் அதைப் போய் யார் கேட்பார்கள்? சேர்ந்த முதல் வாரம் பம்ப் அறையில் ஒரு குழாய் பிய்த்துக்கொண்டு அவள் தலையிலிருந்து கால்வரை நனைந்துபோனாள். ஈரத் தலையோடு வெளியே வந்தபோது அப்போதைய மேலாளர், "என்னம்மா, காலையிலேயே நாலு ரவுண்டு போயிட்டு வந்தாச்சா?" என்று கேட்டார். அவள் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு பதினெட்டு வருடம் நீண்டுவிட்டது. அவள் ஒரு பொய்யும் சொல்லவில்லை. மற்றவர்கள்தான் சொன்னார்கள், அவள் மறுக்கவில்லை. விடியற்காலையில் ஆளில்லாத நேரத்தில் அவள் மீன் மாதிரி நீந்துவாள் என்று வாடிக்கையாளர்கள் பேசிக்கொண்டார்கள். வீட்டோடு கடற்கரைக்குப் போனபோது அவள் கணுக்கால் நனைகிற இடத்தைத் தாண்டவில்லை. கணவரே முந்திக்கொண்டு, "பாவம் விடுங்க, வேலை நாள் பூரா தண்ணியிலேயே கிடக்கறா, லீவுலயுமா?" என்று எல்லோருக்கும் விளக்கம் சொன்னார்.

காலிக் குளத்துக்குள் நின்று தும்மினால், குளத்தைச் சுற்றிய கூடம் முழுக்க எதிரொலியில் தும்மும். அதனாலேயே அந்த ஒரு விஷயத்தை, தனியாக இருக்கும்போதுகூட, அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை.

*

குளம் மூடியிருந்த அந்தப் பத்து நாளுக்கு நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு நாத்தனார் வந்திருந்தாள். கணவரின் தங்கை, நான்கு தெரு தள்ளி பேக்கரி வைத்திருப்பவள். சின்ன வயதில் கன்னம் உப்பலாக இருந்ததால் வீட்டில் பன்னு என்று கூப்பிட்டார்கள். பிற்பாடு அவள் பேக்கரி வைத்தது தற்செயல்தான் என்று யாரும் நம்புவதில்லை.

மகள் கல்லூரிக் கடைசி வருடம். இரண்டு மாதமாக அவளுக்கு முன்னேற்றப் பைத்தியம் பிடித்திருந்தது. விடியுமுன் எழுந்தாள், பச்சைத் தண்ணீரில் குளித்தாள், தினம் பதினைந்து பக்கம் படித்தாள். தான் மட்டும் முன்னேறினால் போதாது என்று வீட்டையும் இழுத்துவிட்டாள்.

"அப்பா, நீங்க சொல்லுங்க. இந்த வருஷம் என்ன மாத்திக்கப் போறீங்க?"

அவர் பஸ் டிரைவர். தட்டிலிருந்து தலை நிமிராமல், "வண்டி ஓட்டும்போது யாரையும் திட்ட மாட்டேன்" என்றார்.

"இதையேதான் போன வாரமும் சொன்னீங்க."

"போன வாரம், வாய்விட்டுத் திட்ட மாட்டேன்னேன். இப்ப மனசுக்குள்ளயும் திட்ட மாட்டேங்கறேன். முன்னேற்றமா இல்லையா?"

"சரி, கடைப்பிடிச்சீங்களா?"

"நேத்து முழுக்க ஒருத்தரையும் திட்டல."

"நேத்து உங்களுக்கு லீவுப்பா."

"லீவுன்னா மட்டும்? ஜன்னல் வழியா எத்தனை பேரு தப்புத் தப்பா ஓட்டிட்டுப் போனான் தெரியுமா?"

பன்னு சிரித்துச் சிரித்துப் புரையேறிக்கொண்டாள். மகள் அவள் முதுகைத் தட்டிவிட்டு, "அத்தை, நீங்க?" என்றாள்.

"நான் நீச்சல் கத்துக்கப் போறேன்."

"நீங்களா?"

"ஏன்டி, என்னைப் பாத்தா எப்படித் தெரியுது? தினமும் மாவு உப்பி மேல வர்றதப் பாத்துப் பாத்து, நாமளும் ஒருநாள் இப்படி மிதந்தா என்னன்னு தோணிப்போச்சு. வெள்ளிக்கிழமை புதுசா பொம்பளைங்களுக்குன்னு தனி வகுப்பு ஆரம்பிக்கறாங்க. பேரு குடுத்துட்டேன்."

"நீ வாளித் தண்ணியப் பாத்தாலே ரெண்டடி தள்ளி நிப்பே" என்றார் அண்ணன்.

"இப்பவும் அப்படித்தான் நிக்கறேன். ஆனா அண்ணி இருக்காங்கல்ல? அந்தத் தைரியத்துலதான் பேரு குடுத்தேன். நான் முங்கினா அண்ணி சும்மா நின்னு பாப்பாங்களா? என்ன அண்ணி?"

"நீச்சல் மாஸ்டர் இருக்காரு, பயப்படாதே" என்று மழுப்பினாள் குளத்தக்கா.

"மாஸ்டரு யாரு எவரு, எனக்கென்ன தெரியும்? நீங்கதான் என் ஆளு."

"அம்மா, இப்ப நீ" என்றாள் மகள்.

"யோசிச்சுச் சொல்றேன்."

"மீனுகிட்டப் போயி லட்சியம் என்னன்னு கேக்கறா பாரு" என்றார் கணவர். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் பழக்க தோஷத்தில் சிரித்துவிட்டு, காலிப் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டு எழுந்தாள்.

யோசிக்க ஒன்றுமில்லை. அவளுக்கு ஒரு ஆசை உண்டு, ரொம்ப நாளாகவே. குளத்துக் கூடத்தின் கூரையில் நீளவாக்கில் கண்ணாடி பதித்திருந்தார்கள். ஆழமான பக்கத்தில் மல்லாந்து மிதப்பவர்கள் அதைப் பார்ப்பார்கள். கரையேறியதும், வெளிச்சம் அப்படியே நெளிந்து ஓடுகிறது, நாமும் கூடவே ஓடுகிற மாதிரி இருக்கிறது என்று சொல்லிக்கொள்வார்கள். கரையில் நின்று அண்ணாந்து பார்த்தால் அது வெறும் கூரைதான். காலிக் குளத்தின் அடியில் படுத்துக்கூடப் பார்த்திருக்கிறாள். அப்போதும் கூரைதான், கொஞ்சம் தள்ளிப்போன கூரை. ஒரே ஒரு தடவை தண்ணீரின் மேல் படுத்து அதைப் பார்த்துவிட வேண்டும்.

பாத்திரம் தேய்த்து முடிப்பதற்குள் அவள் தீர்மானித்துவிட்டாள். பன்னு வருவதற்குள் மிதக்கவாவது கற்றுக்கொண்டுவிட வேண்டும். யாருக்கும் தெரியாமல்.

*

யாருக்கும் தெரியாமல் கற்றுக்கொள்ளக் குளம் நிரம்பும் நேரத்தைவிட்டால் வேறு நேரம் இல்லை. அப்போது கூடத்தில் ஆள் இருக்காது.

அதில் இன்னொரு வசதியும் இருந்தது. குளத்தின் அடி சரிவானது. குழாயைத் திறந்தால் தண்ணீர் முதலில் போய்ச் சேருவது ஆழமான பக்கத்தில்தான். ஆழம் குறைந்த பக்கம் காய்ந்து கிடக்கும்போதே ஆழமான பக்கத்தில் முழங்கால் அளவு வந்துவிடும், பிறகு இடுப்பளவு, பிறகு மார்பளவு. யாரும் கால் ஊன்ற முடியாத இடத்தில், அந்தச் சில மணி நேரம் மட்டும், ஊன்றி நிற்கலாம். குளம் நிரப்புகிற ஆளுக்கு மட்டுமே கிடைக்கிற வசதி. பதினெட்டு வருடம் அதைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு தோன்றாமல் போயிற்றே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

திங்கட்கிழமை மாலை ஆறு மணிக்குக் குழாயைத் திறந்தாள். செவ்வாய்க்கிழமை காலை வந்து அளவுகோலை இறக்கிப் பார்த்தபோது, கணக்குப் போட்டபடியே ஆழமான பக்கத்தில் சரியாக ஒரு மீட்டர் நின்றது. வெளிக்கதவைத் தாழிட்டாள். சுவரில் 'தனியாக இறங்கக் கூடாது' என்று ஒரு பலகை இருந்தது. அதை மாதாமாதம் துடைப்பவளும் அவள்தான். அன்றைக்கு அதன் பக்கம் திரும்பாமல் ஏணியில் இறங்கினாள்.

தண்ணீர் சில்லென்று இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

பாடம் அவளுக்கு மனப்பாடம். மாஸ்டர் கரையில் நின்று கத்துவதை வருடக்கணக்காகக் கேட்டிருக்கிறாள். காதை உள்ளே விடு. வயிற்றை மேலே தூக்கு. கழுத்தை விறைக்காதே. தண்ணியை நம்பு. கேள்வித்தாள் முழுக்கத் தெரிந்த மாணவி மாதிரி நம்பிக்கையோடு மல்லாந்து சாய்ந்தாள். அடுத்த நொடி மூக்கு நிறையத் தண்ணீரோடு எழுந்து நின்று தும்மினாள். கூடமும் தும்மியது.

தெரிந்திருப்பதும் வருவதும் வேறு வேறு என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. கழுத்தை விறைக்காதே என்று சொன்னால் கழுத்து முதல் வேலையாக விறைத்தது. வயிற்றைத் தூக்கினால் கால் இறங்கியது, காலைத் தூக்கினால் தலை இறங்கியது. ஒவ்வொரு முறையும் காலை ஊன்றி எழுந்து நின்றாள். ஊன்ற இடம் இருந்தது, அதனால் பயம் இல்லை. பயம் இல்லாததால் மறுபடி சாய்ந்தாள். ஏழாவதோ எட்டாவதோ தடவை காது உள்ளே போனது. உலகத்தின் சத்தம் மொத்தமும் அணைந்து, தூரத்தில் குழாய் கொட்டுவது மட்டும் முணுமுணுவென்று கேட்டது. எதுவும் இறங்கவில்லை. இரண்டு மூச்சு நேரம் இருந்திருப்பாள். சந்தோஷத்தில் கழுத்து விறைத்து, மூழ்கி, காலை ஊன்றி எழுந்தாள்.

அன்று பம்ப் அறையில் தனியாகச் சிரித்துக்கொண்டு வால்வுக்கு எண்ணெய் போட்டாள்.

வீட்டுக்குப் போனபோது பன்னு வந்திருந்தாள். தலையில் மஞ்சள் ரப்பர் தொப்பி.

"அண்ணி, இது சரியா இருக்கா பாருங்க. காது உள்ள இருக்கணுமா வெளிய இருக்கணுமா?"

"உள்ள."

"அப்ப நீங்க கத்தினா எனக்கு எப்படிக் கேக்கும்?"

"நான் எதுக்குக் கத்தப் போறேன்?"

"நான் முங்கும்போது."

"முங்கும்போது கேட்டு என்ன பண்ணப் போறீங்க அத்தை?" என்றாள் மகள்.

"அதானே" என்று பன்னு யோசனையில் ஆழ்ந்தாள். பிறகு குரலைத் தணித்து, "அண்ணி, நேத்து ராத்திரி சரியாத் தூங்கல. பேரை எடுத்துடலாமான்னு தோணிச்சு. அப்புறம் உங்களை நினைச்சுக்கிட்டேன். அண்ணி கையப் பிடிச்சுக்கலாம், அவ்வளவுதானேன்னு தூங்கிட்டேன்" என்றாள்.

குளத்தக்கா அந்தத் தொப்பியின் ஓரத்தை இழுத்து நாத்தனாரின் காதுகள் இரண்டையும் உள்ளே தள்ளிவிட்டாள்.

*

புதன்கிழமை காலை அளவுகோலை இறக்கினாள். ஒன்று புள்ளி ஒன்பது. மேலாளர் போனில் கேட்டபோது அவளே அந்த எண்ணைச் சொன்னாள். "சரிக்கா, அப்ப மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிடும்ல?" என்றார் அவர். முடிந்துவிடும் என்றாள். அவளுடைய உயரம் ஒன்று புள்ளி ஐந்து எட்டு.

இறங்குவதாகத்தான் இல்லை, அதனால் வெளிக்கதவையும் தாழிடவில்லை. ஆனால் நேற்றைய இரண்டு மூச்சு அவளை விடவில்லை. ஏணியில் இறங்கி, குளத்தின் விளிம்பு ஓரமாக ஓடும் சின்ன வாய்க்காலை இடக்கையால் பிடித்துக்கொண்டாள். பிடியை விடாமல் மல்லாந்து படுத்தால் என்ன ஆகிவிடும்? காதை உள்ளே விட்டாள். வயிற்றைத் தூக்கினாள். கழுத்து இந்த முறை தானாகவே தளர்ந்தது.

கூரை தெரிந்தது.

கூரை என்று சொல்ல முடியாது. கண்ணாடி வழியாக இறங்கிய காலை வெயில் தண்ணீரில் பட்டு மறுபடி மேலே போய், கூரை முழுக்க நெளிந்துகொண்டிருந்தது. நீளமான வெளிச்சக் கோடுகள் ஒன்றையொன்று துரத்தின, சேர்ந்தன, பிரிந்தன. அவளும் கூடவே ஓடினாள். அசையாமல் படுத்துக்கொண்டே ஓடினாள். அவர்கள் சொன்னது அத்தனையும் உண்மைதான். அவர்கள் சொன்னது போதாது. எவ்வளவு நேரம் அப்படியே கிடந்தாளோ தெரியாது. இடக்கை எப்போது வாய்க்காலை விட்டது என்பதும் தெரியாது.

போதும், வேலை இருக்கிறது என்று தோன்றியபோது, நேற்றைக்கு முழுக்கச் செய்ததையே செய்தாள். காலை ஊன்றினாள்.

அடி அங்கே இல்லை.

ஒன்று புள்ளி ஒன்பது என்று வாயால் சொன்னவள் அவளேதான். அது வாய்க்குத் தெரிந்திருந்தது. காலுக்கு யாரும் சொல்லவில்லை. கால் நேற்றைய தரையைத் தேடிக்கொண்டே கீழே போனது, அவளும் அதன் பின்னால் போனாள். ஒரு வாய் தண்ணீர் உள்ளே போயிற்று. மருந்து இன்னும் போடவில்லை என்று மூளையின் ஏதோ ஒரு ஓரம் குறித்துக்கொண்டது. பிறகு கால் உண்மையான அடியைத் தொட்டது. நான்காம் வரிசை, விரிசல் விட்ட ஓடு. அந்தக் காலில் பிறந்த உதைப்பு அவளை மேலே அனுப்பியது. முகம் வெளியே வந்ததும் உடம்பு தானாக மல்லாந்தது. இரண்டு முறை கையை அடித்ததில் விரல் வாய்க்காலில் பட்டது. இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருமினாள்.

பயம் வந்தது. ஆனால் பயத்துக்கு முன்னாலேயே வேறு ஒன்று வந்துவிட்டிருந்தது. மேலே வந்தது நான்தான் என்று நினைத்தாள். பிறகு, இது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்றும் நினைத்தாள். இரண்டும் ஒரே நேரத்தில் மனதில் இருந்தன, ஒன்றோடொன்று சண்டை போடாமல்.

"சூப்பர்க்கா!"

மேலே பார்த்தாள். மாடியில் மேலாளர் அறையின் கண்ணாடிக்கதவு திறந்திருந்தது. புது மேலாளர், சின்ன வயதுக்காரர், கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கைதட்டிக்கொண்டிருந்தார். எப்போதும் பத்து மணிக்கு வருபவர்.

"கல்லு மாதிரி உள்ள போயி பந்து மாதிரி மேல வந்தீங்களே! எல்லாரும் சொல்லுவாங்க, நான்தான் நம்பல. எவ்வளவு நேரம் மூச்சு பிடிச்சீங்க?"

"பிடிக்கவே இல்ல தம்பி" என்றாள் உண்மையாக.

"பாத்தீங்களா, அதுதான் அனுபவம்!" படியில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கி வந்தார். "அக்கா, நானே உங்ககிட்டக் கேக்கணும்னு இருந்தேன். வெள்ளிக்கிழமை லேடீஸ் பேட்ச். பன்னெண்டு பேரு. தண்ணிக்குள்ள மாஸ்டர் நின்னா கூச்சப்படுவாங்க. நீங்க உள்ள நில்லுங்க. மாஸ்டர் கரையில இருந்து சொல்லிக் குடுப்பாரு. யாராவது பதறினா பிடிச்சுக்கணும், அவ்வளவுதான்."

"எனக்கு பம்ப் ரூம்ல..."

"பம்ப் பாட்டுக்கு ஓடும்க்கா. பதினெட்டு வருஷமா உங்க திறமைய யாருமே பயன்படுத்திக்கல. இது உங்களுக்கும் ஒரு முன்னேற்றம் இல்லையா?"

சொல்ல வேண்டிய வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. இருமலாக வெளியே போனது. அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சிவப்பு விசிலை எடுத்து அவள் கழுத்தில் மாட்டிவிட்டுப் போனார். அவள் தண்ணீரிலேயே, வாய்க்காலைப் பிடித்தபடி, பதக்கம் வாங்கியவள் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தாள்.

*

வியாழக்கிழமை மருந்து கலந்தாள். அளவு எல்லாம் சரியாக வந்தது. சாயங்காலம் வீட்டில் கணவர் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து தோல் உரித்துக் கொடுத்தாள்.

"டிப்போல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்" என்றார். "எங்க வீட்டம்மா இப்ப மாஸ்டர்னு. டீ வாங்கிக் குடுன்னு பிடிச்சுக்கிட்டானுங்க."

"என்னங்க, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளு."

"நல்லா ஓட்டத் தெரியறதுக்கு முன்னாடி எப்பவாவது ஆளை ஏத்திக்கிட்டு ஓட்டியிருக்கீங்களா?"

அவர் கத்தியை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். "காலி வண்டிய எப்படி வேணா ஓட்டலாம். மரத்துல இடிச்சா என் மூக்கு உடையும், என்னோட போச்சு. பின்னாடி அம்பது பேரு உக்காந்திருக்கும்போது தெரியாததைத் தெரியும்னு சொல்லி ஏற முடியுமா? ஏறினா அவன் டிரைவரா?" பிறகு மறுபடி நறுக்கத் தொடங்கி, "ஏன் கேக்கறே?" என்றார்.

"சும்மாதான்."

"சும்மா கேக்கற மூஞ்சியா இது? பன்னு உன் உசிர வாங்கப் போறான்னு பயப்படறியா? விடு. ரெண்டு நாள் வருவா, மூணாம் நாள் பேக்கரில வேலைன்னுடுவா."

பன்னு அப்படி நிற்கமாட்டாள் என்று அவளுக்குத் தெரியும். பயந்துகொண்டே வருகிறவள் அத்தனை சுலபமாக நின்றுவிட மாட்டாள். தெரியாது, கற்றுக்கொள்ள வேண்டும் என்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து நாலு பேருக்கு நடுவில் சொல்ல அவளுக்கு வாய் வந்தது. தனக்குத்தான் வரவில்லை.

இரவு மகள் கதவருகே வந்து நின்றாள். "அம்மா, நீ மட்டும்தான் பாக்கி. யோசிச்சியா?"

"நாளைக்குச் சொல்றேன்."

"நிஜமா?"

"நிஜமா" என்றாள். சொல்லி முடித்ததும் இரண்டு நாளாக நெஞ்சில் கிடந்த ஏதோ ஒன்று கொஞ்சம் நகர்ந்து உட்கார இடம் விட்ட மாதிரி இருந்தது. அன்று நன்றாகத் தூங்கினாள்.

*

வெள்ளிக்கிழமை காலை பன்னிரண்டு பெண்கள் ஆழம் குறைந்த பக்கத்துக் கரையில் வரிசையாக நின்றார்கள். துண்டைப் போர்த்திக்கொண்டு, யாரும் யாரையும் பார்க்காமல். பன்னு கடைசியில் நின்றாள். மஞ்சள் தொப்பி, காதுகள் உள்ளே.

குளத்தக்கா அவளுக்கு எதிரில் வந்து நின்றதும் பன்னு அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். மாவு பிசைகிற கை, இரும்புப் பிடி.

"அண்ணி, விட மாட்டீங்கல்ல?"

"கை வலிக்குது பன்னு."

"வலிக்கட்டும். முதல்ல விட மாட்டேன்னு சொல்லுங்க."

மேலாளர் முன்னால் வந்து கனைத்துக்கொண்டார். "எல்லாருக்கும் வணக்கம். யாரும் பயப்படாதீங்க. இவங்கதான் நம்ம குளத்தக்கா. பதினெட்டு வருஷ அனுபவம். முந்தாநாள் நானே என் கண்ணால பாத்தேன். நீங்க இறங்கும்போது இவங்க தண்ணிக்குள்ள கூடவே நிப்பாங்க."

வரிசையில் இருந்த தோள்கள் எல்லாம் ஒரு விரற்கடை இறங்கின. அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள் குளத்தக்கா. பன்னிரண்டு பேரும் மூச்சு விட்டது கேட்டது.

மாஸ்டர் கைதட்டினார். "சரி, முதல்ல ஒரு கேள்வி. நீச்சல் சுத்தமா தெரியாதவங்க கை தூக்குங்க. வெக்கப்படக் கூடாது."

ஒன்று, இரண்டு, பிறகு சடசடவென்று கைகள் உயர்ந்தன. பன்னு பிடியை விடாமல் மற்றக் கையைத் தூக்கினாள்.

குளத்தக்கா அந்தப் பிடியிலிருந்து மணிக்கட்டை விடுவித்துக்கொண்டு, கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி மாஸ்டர் கையில் கொடுத்தாள். வரிசையின் கடைசிக்குப் போய், பன்னுவுக்குப் பக்கத்தில், குளத்தைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். பிறகு கையைத் தூக்கினாள்.

மாஸ்டர் சிரித்தார். "பாத்தீங்களா, உங்களுக்குத் துணைக்கு அக்காவும் தூக்கறாங்க."

"அக்கா எப்பவுமே இப்படித்தான், ஜோக் அடிப்பாங்க" என்றார் மேலாளர். வரிசையில் இரண்டு மூன்று பேர் மரியாதைக்குச் சிரித்தார்கள்.

அவளுக்கும் சிரிப்பு வந்தது, அந்தப் பழைய சிரிப்பு. வாசல்வரை வந்ததை உள்ளேயே நிறுத்திக்கொண்டாள். கையை இறக்கவில்லை.

பன்னு தொப்பியை ஒரு பக்கம் தூக்கிக் காதை வெளியே எடுத்தாள். "என்ன அண்ணி?"

கூடம் அமைதியாக இருந்தது. கூரையில் வெளிச்சம் நெளிந்துகொண்டிருந்தது. அங்கே சொல்வதை எல்லாம் கூடம் திருப்பிச் சொல்லும். சொல்லட்டும் என்று நினைத்தாள்.

"எனக்கு நீச்சல் தெரியாது."